கொழும்பில் வாகன விபத்துக்குப் பிறகு: வீதியிலிருந்து நீதிமன்றம் வரை, எதை எப்போது செய்வது

விபத்தில் மாட்டியவர்களோடு பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி, புதுக்கடை நீதிமன்றம் என்று போய்வந்து பார்த்ததில், சட்டம் தெரியாமல் நட்டப்பட்டவர்களைவிட, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்து நட்டப்பட்டவர்களே அதிகம். ஆஸ்பத்திரியில் ஒரு கதை, பொலிசில் இன்னொரு கதை, காப்புறுதிப் படிவத்தில் மூன்றாவது கதை. ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு வசதியாகச் சொன்னது. ஒரு வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்கும்போது, உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்கூடப் பொய்யர் போல நிற்க வேண்டி வருகிறது.

அதனால் கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் ஒரே நோக்கம்தான். வைத்தியப் பதிவு, பொலிஸ் வாக்குமூலம், காப்புறுதிப் படிவம் ஆகிய மூன்று கடதாசிகளும் உண்மையை ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். ஒரு உதாரணத்தை முழுக்க வைத்துக்கொள்வோம்: வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கையிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி காலி வீதிக்கு ஏறுகிறது. அந்த வழியால் வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதி, ஓட்டியவரின் கால் முறிகிறது.

1. முன்கூட்டியே வண்டியில் இருக்க வேண்டியவை

சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். இவற்றின் படங்கள் கைத்தொலைபேசியிலும் இருக்கட்டும். காப்புறுதி நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். அட்டை நசுங்கிய கதவுக்குள் மாட்டிக்கொண்டால் அந்த இலக்கத்தைத் தேட நேரம் இருக்காது.

உங்கள் பொலிசி முழுக் காப்புறுதியா, மூன்றாந் தரப்பு மட்டுமா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாந் தரப்புக் காப்புறுதியை. அது மற்றவரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்குமானது. உங்கள் வண்டியின் சேதத்துக்கு அதிலிருந்து காசு வராது. எதிராளியின் வண்டிச் சேதமும், உங்கள் வண்டிக்குள் இருந்தவர்களின் காயமும் அடங்குமா என்பது பொலிசியில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. விபத்து நடந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் வீதியில் நின்று தவறான வாக்குறுதி கொடுக்கிறார்கள்.

2. முதல் நிமிடங்கள்: நிறுத்துங்கள், உயிரைப் பாருங்கள்

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். யாருடைய பிழை என்பதெல்லாம் பிறகு. பிழை உங்களுடையதல்ல என்றாலும் நிற்காமல் போனால், அதுவே உங்கள் மீது தனிக் குற்றமாகிவிடும்.

ஆபத்து விளக்குகளைப் போடுங்கள். பின்னால் வரும் வண்டிகளுக்குக் கைகாட்ட ஒருவரை நிறுத்துங்கள். காலி வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் இரவில் இரண்டாவது மோதல் இப்படித்தான் நடக்கிறது. அப்புறம் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிசுக்கு 119. தீப்பிடித்தாலோ யாராவது உள்ளே சிக்கியிருந்தாலோ கொழும்புத் தீயணைப்புப் படைக்கு 110.

இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயரோடு, எந்தப் பக்கமாகப் போகும் வழி, எந்த ஒழுங்கைக்கு எதிரில், அருகில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ‘காலி வீதி, வெள்ளவத்தை’ என்று மட்டும் சொன்னால் அம்புலன்ஸ் தேடிக்கொண்டு நிற்கும்.

காயப்பட்டவரை இழுத்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்து வைத்துக் கொண்டுபோவது நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தீங்கு. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அந்த அசைவே நரம்பை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், தலைக்கவசத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள். நெருப்பு, எதிரே வரும் வாகனம் போன்ற உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

கூட்டம் கூடி அடிக்க வரும் என்ற பயத்தில் ஓடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் சில நேரங்களில் நியாயமானதுதான். உண்மையிலேயே உயிராபத்து என்று தெரிந்தால் வீட்டுக்குப் போகாமல், நேரே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். போகும்போதே 119க்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்த அழைப்பு எத்தனை மணிக்குப் போனது என்பதுதான் நீங்கள் தப்பியோடவில்லை என்பதற்குச் சாட்சி.

3. வண்டியை நகர்த்தலாமா?

யாருக்காவது காயம் என்றால் பொலிஸ் வந்து அளந்து குறிக்கும் வரை வண்டிகள் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். மோதிய இடம், சில்லுத் தடம், கண்ணாடித் துண்டுகள் எல்லாம் சேர்ந்துதான் யார் எந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்லும். வீதி மறிபட்டுவிட்டது, ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று அவசரப்பட்டுத் தள்ளிவிட்டால், உதாரணத்தில் உள்ள முச்சக்கர வண்டி ஒழுங்கை வாசலில் நின்றதா, வீதியின் நடுவுக்கு வந்ததா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடும்.

காயமே இல்லை, சேதம் மட்டும்தான் என்றால் படங்கள் எடுத்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்து ஓரமாக்கலாம்.

4. படங்களும் விபரங்களும்

எல்லோரும் நசுங்கிய பகுதியைத்தான் கிட்டப்போய்ப் படம் எடுக்கிறார்கள். அதைவிட முக்கியம் தூரத்திலிருந்து எடுக்கும் படம். இரண்டு வண்டிகளும், வீதிக் கோடும், ஒழுங்கை வாசலும், ஒரு கடைப் பலகையும் ஒரே படத்தில் வர வேண்டும். நான்கு திசையிலிருந்தும் அப்படி எடுங்கள். அதற்குப் பிறகு கிட்டப் போங்கள்: இலக்கத் தகடு, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், சேதம், தரையில் இருக்கும் தடங்கள், சமிக்ஞை விளக்கு, மழை ஈரம்.

எதிராளியிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், அனுமதிப்பத்திர இலக்கம், காப்புறுதி நிறுவனத்தின் பெயர், பொலிசி இலக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். சாரதியும் உரிமையாளரும் ஒருவர்தானா என்பதையும் கேளுங்கள். கொழும்பில் ஓடும் பல முச்சக்கர வண்டிகளும் வான்களும் வாடகைக்கு எடுத்தவை, இல்லாவிட்டால் லீசிங்கில் உள்ளவை. நட்டஈடு கேட்கும் கட்டத்தில் யார் மீது வழக்குப் போடுவது என்பதற்கு இந்த விபரம் வேண்டும். கிடைக்கவில்லை என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, பதிவு விபரத்தைப் பெறலாம்.

பார்த்தவர்கள் இரண்டு பேருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்குங்கள். கடைக்காரர், பஸ் தரிப்பிடத்தில் நின்றவர், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் இருப்பவர் என்று யாராக இருந்தாலும் சரி. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. அருகில் கமரா வைத்திருக்கும் கடை எது என்றும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக் கமராக்கள் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். அதனால் அன்றைக்கோ மறுநாளோ கடைக்காரரிடம் தயவாகப் பேசி அந்த நேரத்துப் பதிவை அழியாமல் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கமரா இருப்பதைப் பொலிஸ் வாக்குமூலத்திலும் சொல்லுங்கள்.

5. வீதியில் நடக்கும் சமாதானப் பேச்சு

‘பொலிசுக்குப் போனா இரண்டு பேருக்கும் அலைச்சல், இப்பவே முடிப்போம் தம்பி’ என்று யாராவது நடுவில் வந்து சொல்வார். சின்னக் கீறல் என்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் ஒருவருக்குச் சிறிய அடி என்றாலும் அந்த இடத்தில் முடிக்காதீர்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நின்று ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்குப் போய், இரவில் மயங்கி விழுவது நடக்கிற விஷயம். அதற்குள் காசு கைமாறி, பதிவு எதுவும் இல்லாமல் எல்லோரும் கலைந்திருப்பார்கள்.

மன்னிப்புக் கேட்பது மனிதப் பண்பு, அதைத் தடுக்க மாட்டேன். ஆனால் ‘முழுப் பிழையும் என்னுடையது, எல்லாச் செலவும் நான் தருகிறேன்’ என்று சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் வேறு. காப்புறுதிப் பொலிசிகளில் பொதுவாக, நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டுக் கடதாசியைக் காட்டியே உங்கள் கோரிக்கையை மறுக்கலாம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஓட்டியவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை, அல்லது குடித்திருந்தார் என்பதற்காக, அண்ணனையோ மச்சானையோ கொண்டுவந்து ‘நான்தான் ஓட்டினேன்’ என்று நிறுத்தாதீர்கள். கமராவும் சாட்சிகளும் இருக்கும் ஊர் இது. பொய் வெளிப்பட்டால் காப்புறுதியும் போய், உதவ வந்தவரும் குற்றவாளியாகிறார்.

6. காப்புறுதிக்கு அழைப்பு

காயப்பட்டவர் அம்புலன்ஸில் ஏறியதும், அதே இடத்திலிருந்தே உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அழையுங்கள். கொழும்புக்குள் பெரும்பாலும் அவர்களுடைய அலுவலர் வந்து வண்டியைப் பார்த்துப் படம் எடுப்பார். அழைப்புக்குக் கொடுக்கப்படும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய், கராஜில் கழற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் அறிவிப்பவர்கள் கேட்கும் கேள்வி: ஏன் மறுத்தார்கள்? காரணம் சுலபம். வண்டியைக் கழற்றிய பிறகு எது இந்த விபத்தின் சேதம், எது பழைய சேதம் என்று பிரித்துக் காட்ட முடியாது.

கோரிக்கைப் படிவத்தை உடனே நிரப்ப வேண்டாம். பொலிஸ் வாக்குமூலம் கொடுத்த பிறகு, அதில் சொன்னதையே, அதே வரிசையில் எழுதுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

7. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வசனம்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவிலோ, களுபோவிலையிலோ, வேறெங்கோ சேர்க்கும்போது ‘எப்படி நடந்தது?’ என்று வைத்தியர் கேட்பார். பொலிஸ் தொல்லை வேண்டாம் என்று கூடவந்த உறவினர் ‘பைக்கில் வழுக்கி விழுந்துவிட்டார்’ என்று சொல்லிவிடுவார். அது அப்படியே கட்டில் சிட்டையில், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவில், ஏறிவிடும். இரண்டு மாதம் கழித்து முச்சக்கர வண்டி மோதியது என்று நட்டஈடு கேட்டால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது அந்தச் சிட்டையைத்தான்.

ஆகவே உண்மையை, சுருக்கமாக: ‘காலி வீதியில் முச்சக்கர வண்டியோடு மோதி விழுந்தார், இன்று காலை.’ அது போதும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் பிரிவு ஒன்று உள்ளேயே இருக்கும். வீதி விபத்துக் காயம் என்று பதிவானால், சட்ட வைத்திய அதிகாரி நோயாளியைப் பார்ப்பதற்கான படிவம் பொலிஸ் மூலமாக வரும். காயம் சாதாரணமானதா, பாரதூரமானதா என்று அவர் எழுதுவது குற்ற வழக்கின் தரத்தை மாற்றும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின்படி பாரதூரமான காயம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், அன்றே வீட்டுக்கு வந்தவர்களும் இந்தப் பரிசோதனை இல்லாமலே இருந்துவிடுகிறார்கள். அப்படியானால் பொலிஸ் நிலையத்தில் கேட்டு அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காயம் ஆறிய பிறகு போய்ப் பயனில்லை.

நோயாளி மயக்க மருந்தில் இருக்கும்போது வாக்குமூலம் எடுக்க வந்தால், தெளிந்த பிறகு தருவதாக மரியாதையாகச் சொல்லுங்கள். வைத்தியரும் அதற்கு ஆதரவாகத்தான் பேசுவார்.

8. பொலிஸ் வாக்குமூலம்

இந்தப் படியில் நேரம் எடுங்கள். வேறெங்கும் அவசரப்பட்டாலும் இங்கே அவசரப்படக் கூடாது.

விபத்து நடந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதோ அந்த நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில்தான் வாக்குமூலம் பதிவாகும். நீங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் விபத்து வெள்ளவத்தையில் என்றால் வெள்ளவத்தை நிலையம்தான்.

போவதற்கு முன் ஒரு கடதாசியில் நடந்ததை நேர வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கிருந்து எங்கே போனீர்கள், வீதியின் எந்தப் பகுதியில் ஓடினீர்கள், மற்ற வண்டியை முதலில் எங்கே கண்டீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் மோதியது, மோதிய பிறகு வண்டிகள் எங்கே நின்றன. இடம், வலம் என்று மட்டும் சொன்னால் யாருடைய இடம் என்று குழப்பம் வரும். ‘தெஹிவளைப் பக்கமிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாக’, ‘57ஆவது ஒழுங்கையிலிருந்து’ என்று சொன்னால் யாராலும் மாற்றி வாசிக்க முடியாது. வேகம் உறுதியாகத் தெரியாவிட்டால் இலக்கம் சொல்லாதீர்கள்.

அடுத்தது மொழி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகள். பொலிசோடு தமிழில் தொடர்புகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் பல இடங்களில் நாம் தமிழிலோ அரைகுறைச் சிங்களத்திலோ சொல்ல, உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, ‘இதில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று நீட்டுவார். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருக்காது, அவருக்கும் வேலை முடிய வேண்டும். ஆனால் ‘முச்சக்கர வண்டி திடீரென ஏறியது, நான் பிரேக் பிடித்தேன்’ என்பது ‘நான் கடைசி நேரத்தில்தான் பிரேக் பிடித்தேன்’ என்று மாறிவிட்டால், அந்த வசனம் வழக்கு முடியும் வரை உங்களோடு வரும்.

இந்த வரிசையில் கேளுங்கள். முதலில், தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று. ‘மட்ட கட உத்தரய தெமளென் தென்ன ஓனே’ என்று சிங்களத்தில் சொன்னால், தமிழில் வாக்குமூலம் கொடுக்க விரும்புகிறீர்கள் என்று புரியும். சண்டை போடும் குரலில் கேட்க வேண்டியதில்லை. அப்படி ஒருவர் இல்லை என்றால், உங்கள் கையாலேயே தமிழில் எழுதித் தரலாமா என்று கேளுங்கள். அதுவும் முடியாது என்றால், சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த, நீங்கள் நம்பும் ஒருவரைக் கூட்டிப்போய், எழுதியதை வசனம் வசனமாக வாசித்துத் தமிழில் சொல்ல வையுங்கள். ‘எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது’ என்ற குறிப்பையும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். விளங்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது பிழையாக இருந்தால் திருத்தச் சொல்வதற்கு நீங்கள் வெட்கப்படவே தேவையில்லை.

உத்தியோகத்தர் இடத்தை அளந்து வரைபடம் போடும்போது நீங்களோ உங்கள் தரப்பில் ஒருவரோ பக்கத்தில் நில்லுங்கள். மோதிய புள்ளி எங்கே குறிக்கப்படுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வழக்கில் வாய்ச் சொல்லைவிட அந்தப் புள்ளிக்குக் கனம் அதிகம்.

காயமோ மரணமோ உள்ள விபத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டிகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அதுவரை வண்டி பொலிசில்தான் நிற்கும். நடுவில் எடுத்துத் தரச் சொல்லி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். சுவாசப் பரிசோதனைக்கு ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுப்பது உங்களுக்கு எதிராகவே போகும்.

வெளியே வருவதற்கு முன் பதிவு இலக்கம், பக்கம், திகதி, உத்தியோகத்தரின் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெறலாம். முறைப்பாட்டைப் பதிய மறுத்தால் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள், அதற்கு மேல் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. மொழி மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

9. நீதவான் நீதிமன்றம்

கவனயீனமாக ஓட்டியதற்கும் காயம் ஏற்படுத்தியதற்கும் வழக்குத் தொடுப்பது பொலிஸ். பாதிக்கப்பட்டவர் அதில் சாட்சி. ‘கேஸ் நடக்குதே, நட்டஈடு தானாக வரும்’ என்று காத்திருப்பது மிகப் பெரிய தவறு. குற்றவாளி என்று தீர்க்கும்போது நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கும்படி கட்டளையிடலாம். ஆனால் உண்மையான இழப்பு முழுவதும் அங்கே கிடைப்பது அரிது. அதற்கு அடுத்த படியில் சொல்லும் சிவில் வழக்கு வேண்டும்.

நீங்கள் சாரதி என்றால், முதல் தவணையிலேயே ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போகலாம்’ என்று நினைக்காதீர்கள். ஒப்புக்கொண்டது நட்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டப்படலாம். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

மரணம் நடந்த வீட்டுக்கு எதிர்த்தரப்பு வந்து ஈமச் செலவுக்குக் காசு கொடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் வாங்குவதில் பிழை ஒன்றும் இல்லை. கூடவே ஒரு கடிதம் வரும், அதைத்தான் பார்க்க வேண்டும். ‘முழுமையான, இறுதித் தீர்வாக’ என்று எழுதியிருந்தால் கையெழுத்திடாதீர்கள். ‘ஈமச் செலவுக்கான உதவியாகப் பெற்றேன், நட்டஈட்டு உரிமைக்குப் பாதிப்பில்லாமல்’ என்று எழுதச் சொல்லுங்கள். கண்ணீரோடு இருக்கும் வீட்டில் இதைச் சொல்ல ஒருவர் முன்வர வேண்டும். அது குடும்பத்துக்குச் செய்யும் உண்மையான உதவி.

10. நட்டஈடு: இரண்டு வருடம் என்ற எல்லை

காலாவதிக் கட்டளைச் சட்டப்படி இப்படியான இழப்புக்கான வழக்கை 2 வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று இருந்து, அது மூன்றாவது வருடத்தில் முடிந்து, அப்புறம் சட்டத்தரணியிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கும். பொலிஸ் வழக்கு இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. விபத்துத் திகதியை ஒரு நாட்காட்டியில் எழுதி, 18 மாதத்துக்குள் வழக்குத் தயாராக வேண்டும் என்று வையுங்கள்.

வழக்கு சாரதி மீதும், அவர் உரிமையாளருக்காக ஓட்டியிருந்தால் உரிமையாளர் மீதும். வழக்குப் போடுவதைப் பற்றி, அதைத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்து 7 நாளுக்குள்ளோ, எதிராளியின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் தீர்ப்புத் தொகையைச் செலுத்தும் கடமை அந்த நிறுவனத்துக்கு வரும். இந்த அறிவித்தல் தவறினால் வென்ற வழக்கில்கூட ஒரு முச்சக்கர வண்டிச் சாரதியின் சட்டைப் பையிலிருந்து காசு எடுக்க வேண்டிய நிலை வரும். சட்டத்தரணியிடம் ‘அறிவித்தல் போய்விட்டதா, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எங்கே?’ என்று நீங்களே கேளுங்கள்.

கேட்கக்கூடியவை: வைத்தியச் செலவு, போக்குவரத்துச் செலவு, இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் சம்பளம், வலியும் வேதனையும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை நிரூபிப்பது கடினம், எனவே மருந்துக்கடைத் துண்டு வரை ஒரு கோப்பில் போடுங்கள். வெயிலில் எழுத்து மறையும் பற்றுச்சீட்டுகளை உடனே போட்டோ பிரதி எடுங்கள். கடை வைத்திருப்பவர், கூலி வேலை செய்பவர் என்றால் வருமானத்தைக் காட்ட வங்கிப் புத்தகம், கொள்வனவுச் சிட்டைகள், வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும்.

மரணம் என்றால், 2019இன் 2ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு துணை, பிள்ளை, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் இழந்த வருமான ஆதரவோடு, அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் கேட்கலாம். வருமானம் இல்லாத பிள்ளையோ வயதானவரோ இறந்தால் ஒன்றும் கிடைக்காது என்று இன்றும் சொல்கிறவர்களை நம்பி விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் பிழை இருந்தால் வழக்கே இல்லை என்பதும் தவறு. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும், முழுவதும் போய்விடாது. தலைக்கவசம் போடாதவரும் வழக்குப் போடலாம்.

இரண்டு வழிகளைப் பலர் தவறவிடுகிறார்கள். மோதிவிட்டு ஓடிய வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் பதிவு வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டிருந்தால், வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைகொள்வோரிடமும் கேட்க இடம் இருக்கிறது.

11. சட்டத்தரணியைத் தேடுவது

ஆஸ்பத்திரி வாசலில் வந்து ‘நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் தரகரிடம் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வெற்றுக் கடதாசியில் ஒருபோதும் வேண்டாம். சட்டத்தரணியை நீங்களே அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். முதல் சந்திப்புக்குப் பொலிஸ் பதிவு இலக்கம், வைத்தியச் சிட்டை, படங்கள், பற்றுச்சீட்டுக் கோப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். விபத்து வழக்குகள் நடத்தியிருக்கிறாரா, கட்டணம் எப்படி, கிடைக்கும் தொகையில் பங்கு என்றால் எவ்வளவு, காசு யாருடைய கணக்குக்கு வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோபப்படும் சட்டத்தரணி உங்களுக்கானவர் அல்ல.

செலவுக்கு வழியில்லை என்றால் புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டிடத் தொகுதியில் இலங்கை சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அடையாள அட்டையும் வருமானத்தைக் காட்டும் கடிதமும் கொண்டுபோங்கள். வண்டிச் சேதம் மட்டும் உள்ள சிறிய தொகைத் தகராறு என்றால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, ஆனால் உங்கள் படங்கள் தேவை.

12. காப்புறுதி மறுத்தாலோ இழுத்தாலோ

தொலைபேசியில் சொன்ன மறுப்பை ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று அதில் இருக்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்), கொழும்பு உலக வர்த்தக மையத்தில் உள்ள இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். மறுப்புக் கடிதம், பொலிசிப் பிரதி, பொலிஸ் பதிவின் பிரதி, கோரிக்கைப் படிவத்தின் பிரதி நான்கையும் இணையுங்கள். இந்த முறைப்பாடுகள் நடக்கும்போதும் 10ஆம் படியில் சொன்ன இரண்டு வருடம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், எனவே சட்டத்தரணியின் வேலையை இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.